எஞ்சின் மவுண்ட் மாற்றிய கதையும் நீ கேட்ட கேள்வியும்

அன்பு மகன்,

நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ போன் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி உன் தொண்டைவரை வந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. அது வெளியே வருவதற்குள் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்றோ, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றோ, மழை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்றோ சொல்லி போனை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். கடைசியாக நான் மழை என்று சொன்ன நேரம் செங்கலடியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று அப்பா சிரித்தது உனக்கும் கேட்டிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் என்றால் நான் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டைக்கு வந்துவிடுவேன். பேனையைப் பிடித்தால் கொஞ்சம் பொறுமை வருகிறது. எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். கடைசிப் பக்கத்தை முதலில் திறந்து பார்க்காதே. சின்ன வயதில் கதைப்புத்தகம் கையில் கிடைத்தாலே முடிவை வாசித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாய். இந்தக் கடிதத்தின் நடுவில் நம் பழைய கார் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் நீ பதிலுக்கு வர வேண்டும்.

மெர்லினைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டாய். வந்தாறுமூலை கம்பஸில் உன்னோடு படித்த பிள்ளை, மட்டக்களப்பு டவுனில் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பிள்ளை, இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். “நீங்க ஓம் எண்டு சொல்லாம நான் கட்டமாட்டன் அம்மா. ஆனா வேற ஆரையும் கட்டவும் மாட்டன்” என்றாய். நான் ஓம் சொல்லாவிட்டால் டோஹாவிலேயே ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு இருந்துவிடுவாய், ஊருக்கு வரமாட்டாய் என்றும் சொன்னாய். அதை நீ மிரட்டிச் சொல்லியிருந்தால் நானும் நல்லாகத் திட்டியிருப்பேன். நீ குரல் உடைந்து சொன்னாய். எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை.

நான் உடனே கேட்டது, “அவங்க என்ன குடி?” என்பதுதான். பதில் தெரிந்துகொண்டே கேட்டேன். நம் ஆட்களில் பிள்ளைக்குத் தாய்வழி வம்சம்தான், தாயின் குடிதான். உன் அப்பா வேறு குடி, நீ என் குடி. பறங்கியருக்குக் குடி என்று ஒன்று இல்லை. அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளை கோயிலில் எந்தக் குடியோடு நிற்கும் என்று கேட்டேன். “பிள்ள பிறக்கட்டும் அம்மா, நிக்க இடம் பாப்பம்” என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் குடி என்பது என் வாய்க்கு வசதியாக வந்த காரணம். நெஞ்சுக்குள் கிடந்தது வேறு. நம் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான் போவான். உன் அப்பாவும் ஒரு சூட்கேசும் ஒரு ரேடியோவுமாக என் வீட்டுக்கு வந்தவர்தான். மகளைப் பெற்றவளுக்கு வீட்டோடு பிள்ளை மிஞ்சும். எனக்கு நீ ஒருவன்தான். நீ யாரைக் கட்டினாலும் போய்விடுவாய் என்பது நீ பிறந்த அன்றைக்கே தெரியும். தெரிந்த விஷயம்தானே என்று மனம் சும்மா இருக்குமா? டோஹாவிலிருந்து நீ திரும்பி வருவாய் என்ற நினைப்பில்தான் நான் நாளைக் கடத்துகிறேன். வந்ததும் டவுனில், புளியந்தீவில், இன்னொருத்தி வீட்டில் போய் இருக்கப்போகிறாய் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அதைத்தான் நான் குடி, கோயில் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி கார். அது சில மாதங்களாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஓடும்போது பெரிதாகத் தெரியாது. சந்தியில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றால்தான் ஆட்டம். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு உருவமும் தெளிவாகத் தெரியாது. அப்பாவின் பல்செட் வாய்க்குள் தாளம் போடும். கியரை மாற்றினால் முன்பக்கத்தில் யாரோ பலகையால் அடித்ததுபோல் ஒரு சத்தம். உனக்கு இதெல்லாம் தெரியும், ஆனாலும் சொல்கிறேன்: எஞ்சின் சும்மா இரும்பில் உட்கார்ந்திருப்பதில்லை, ரப்பரும் இரும்பும் சேர்ந்த சில கட்டைகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் மவுண்ட் என்கிறார்கள். எஞ்சினின் நடுக்கத்தை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். ரப்பர் வெடித்துப்போனால் நடுக்கமெல்லாம் உள்ளே இருக்கிறவர்களுக்கு வந்து சேரும். அப்பாவின் முதுகு வேறு சரியில்லை. ஒவ்வொரு பயணமும் முடிந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாமல் நிற்பதைப் பார்ப்பது எனக்கு இன்னும் கஷ்டம்.

கராஜுக்குக் கொண்டுபோனால் முடிந்த வேலை. ஆனால் எந்தக் கராஜுக்கு? வருஷக்கணக்காக நம் காரைத் தொட்டவர் டவுனில் கராஜ் வைத்திருக்கும் மெர்லினின் அப்பா ஒருவர்தான். அந்த மனிதருக்கு உங்கள் விஷயம் தெரியும் என்று நீயே சொன்னாய். அவருடைய மகளுக்கு ஓம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், மவுண்டை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பது? வேறு கராஜுக்குக் கொண்டுபோனால் அதுவும் அவர் காதுக்குப் போகும், டவுன் அவ்வளவுதான். ஆகவே வீட்டிலேயே நானே மாற்றுவது என்று முடிவு கட்டினேன். மிட்வைஃபாக, எல்லாருக்கும் மிசியாக, ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் ஸ்கூட்டரின் பிளக்கை நானே கழற்றித் துடைத்தவள். எண்ணெயும் அழுக்கும் எனக்குப் புதிதல்ல. ஏறாவூரில் உதிரிப்பாகக் கடையில் போய் கார் மொடலைச் சொல்லி மவுண்டுகளைக் கேட்டேன். கடைக்காரர் சாமானை எடுத்து வைத்துவிட்டு, “மிசி, பாஸ் ஆரு?” என்றார். வேலை செய்யப்போகும் மெக்கானிக் யார் என்று கேட்கிறார். “நான்தான்” என்றேன். அவர் சாமானை இன்னொரு தாளிலும் சுற்றி, “அல்லாஹ் காப்பாத்துவான்” என்று தந்தார்.

அப்பாவுக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனால் நான் முடிவு கட்டினால் அவர் எதிர்க்கமாட்டார், பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். போனில் ஒரு வீடியோவைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, அரசாங்கக் கந்தோரில் சுற்றுநிருபம் வாசிப்பதுபோல் எனக்கு வாசித்தார். “முதல்ல பற்றறி வயரக் கழட்டட்டாம். மறுகா எஞ்சினுக்குக் கீழ தூக்கிற ஜக் வெக்கட்டாம். நேர வெக்கப்படாதாம், நடுவில ஒரு பலகை வெக்கட்டாம்.” பலகை தேடி நான் குசினிக்குப் போய், மீன் வெட்டும் பலகையைக் கொண்டுவந்தேன். “அதில இனி என்னகா வெட்டுவாய்?” என்று கேட்டார். “உங்கட நாக்க” என்றேன். பக்கத்து வீட்டு வேன்காரப் பிள்ளையிடம் வாங்கிய இரும்பு ஸ்டாண்டுகளில் காரை நிறுத்தி, சில்லுகள் உருளாமல் கட்டை கொடுத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போனேன். ஜக்கை மட்டும் நம்பி ஒருநாளும் காருக்குக் கீழே போகாதே, மகன். அங்கே உனக்குக் கார் இல்லை என்பது தெரியும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பழைய நட்டுகள் இலகுவில் வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பானர் சாவியின் பிடியில் ஒரு குழாயைக் கொளுவி, அதில் என் முழுப்பாரத்தையும் போட்டுத்தான் ஒவ்வொன்றாக அசைத்தேன். வெளியே எடுத்த மவுண்டைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. ரப்பர் குறுக்கே கிழிந்து, உள்ளே இருந்த இரும்பு வெளியே தெரிந்தது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கையில் வாங்கியிருக்கிறேன். அந்தப் புது மவுண்ட் தன் இடத்துக்குள் போய் ஓட்டையும் ஓட்டையும் நேருக்கு நேர் வந்தபோது ஏறக்குறைய அந்தச் சந்தோஷம் வந்தது. அப்பாவுக்கும் வந்திருக்க வேண்டும். எழுந்து போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து, கை அழுக்கு என்று தானே வாயில் பிடித்துக் குடிக்கத் தந்தார். இந்த வயதில் ஒரு மனுஷன் அப்படிச் செய்தால் அது எனக்குப் போதும். நீ கட்டப்போகும் பிள்ளைக்கும் இப்படிச் சில வேலைகளைக் கேளாமல் செய். பேசிப் பேசிக் காட்டும் அன்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பிறகு இறுக்கினேன். என் இறுக்கு உனக்குத் தெரியும். இந்த வீட்டில் நான் மூடிய ஊறுகாய்ப் போத்தலை நான் மட்டும்தான் திறக்கலாம். குசினிக் குழாயை நான் இறுக்கி இறுக்கியே வருஷத்துக்கொரு தடவை வாஷர் மாற்றுகிறோம். நீ டோஹாவுக்குப் போன அன்றைக்கு உன் சூட்கேசுக்கு நான் கட்டிய கயிற்றை அவிழ்க்க முடியாமல் விமான நிலையத்தில் கத்தியால் வெட்டினார்கள் என்று நீ எழுதியதை அப்பா இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். ஒரு மவுண்டை மாட்டிய கையோடு அதன் நட்டுகளைக் குழாய் கொளுவி இறுக்குவது, பிறகு அடுத்தது, அதையும் இறுக்குவது. அப்பா வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி ஏதோ சொல்ல வந்தார். “இறுக்கிறதுக்கு எனக்கு வீடியோ வேணாம்” என்று வாயை அடைத்துவிட்டேன்.

பற்றறியை மாட்டி, ஸ்டாட் பண்ணினேன். மகன், முந்தி நடுங்கியது ஒன்றுமே இல்லை. கையில் பிடித்த ஸ்டியரிங் என் தோள்வரை ஆட்டியது. டாஷ்போட்டில் இருந்த பிள்ளையார் சிலை மெல்ல மெல்ல நடந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. புது மவுண்ட் போட்டு, பழையதைவிட மோசமாக ஒரு காரை ஆக்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அப்பா, “சாமான் பிழையோ என்னவோ” என்று மெல்லச் சொன்னார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அவர்மீதே பாய்ந்தேன். நீங்கள் ஒழுங்காக வாசிக்கவில்லை, எதையும் ஒழுங்காகச் செய்யமாட்டீர்கள், மகனையும் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று எங்கிருந்தோ எங்கேயோ போனேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளே போன மனுஷன் சும்மா இருந்தாரா? உனக்கு வாட்ஸ்அப்பில் காரின் படமும் நடந்த கதையும் அனுப்பியிருக்கிறார். நீ மெர்லினுக்கு அனுப்பியிருக்கிறாய். இரண்டு பேரும் கள்ளர்கள்.

அடுத்த நாள் பின்னேரம் பாசிக்குடாவிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஹோட்டல் உடுப்போடு அவள் படலையடியில் நின்றாள். தோளில் ஒரு பை. “அன்ரி, கார் நடுங்குதாம் எண்டு கேள்விப்பட்டன்” என்றாள். கார் என்று சொல்லிக்கொண்டு வந்து என்னை வளைத்துப் பிடிக்கப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். “உங்கட அப்பாட்டப் படிச்ச வேலையா?” என்று குத்தலாகக் கேட்டேன். “எனக்கு வேலை தெரியா அன்ரி. சின்னனில அப்பா கராஜில ஏசுற ஏச்சுத்தான் தெரியும். இந்த விசயத்துக்கும் ஒரு ஏச்சு இரிக்கு, அதச் சொல்லிப்போட்டுப் போகலாம் எண்டு வந்தன்” என்றாள். என்ன ஏச்சு என்றேன். “புது மவுண்ட் போட்டா உடன இறுக்கப்படாதாம். வேலைக்கு நிக்கிற பெடியன் ஆரும் இறுக்கினா அப்பா சாவியப் புடுங்கிருவார். ஏன் எண்டு எனக்கும் தெரியா. ஒருக்கா எல்லாத்தையும் இளக்கிப் பாப்பமா?”

அவள் உடுப்பைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. உள்ளே போய் என் பழைய வீட்டு கவுன் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தேன். அது அவளுக்கு இரண்டு சுற்று வரும். அதைப் போட்டுக்கொண்டு அவள் வந்த கோலத்தைப் பார்த்து அப்பா சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து நட்டுகளைக் கழற்றிவிடாமல், கொஞ்சம் கொஞ்சம் இளக்கினோம். நான் இறுக்கியதை இளக்க அவள் ஒருபக்கமும் நான் ஒருபக்கமுமாகக் குழாயில் தொங்க வேண்டியிருந்தது. “அன்ரி, இத ஆர் இறுக்கின? ட்ராக்டரா?” என்றாள். பிறகு எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தாள். எங்கள் கண்முன்னாலேயே அது விரலளவு நகர்ந்து தனக்கு வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. நான் வைத்த இடத்தில் அது ஒருநாளும் இருந்திருக்கவில்லை. ரப்பரை முறுக்கிப் பிடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஸ்டாட் பண்ணி, கியர் போடாமல் சும்மா ஓடவிட்டோம். கார் கொஞ்சம் ஆடியது, பிறகு தணிந்தது, பிறகு பூனை உறங்குவதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்திவிட்டு, அப்போதுதான் ஒவ்வொன்றாக இறுக்கினோம். அளவோடு இறுக்கும்படி அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையை அப்படிப் பிடிக்க நான் யாரையும் விட்டதில்லை.

கார் சரியாகிவிட்டது என்றதும் எனக்கு நல்ல மனநிலை வந்துவிட்டது. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது, நானே அந்தப் பேச்சை எடுத்தேன். கொஞ்சம் பெருந்தன்மையாக நடந்துகொள்ளலாம் என்ற நினைப்பு. “மகள், நான் இன்னும் ஒண்டும் சொல்லல்ல எண்டு மனசு நோகாதீங்க. எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நாள் வேணும்” என்றேன். அவள் துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு, “பறவாயில்ல அன்ரி, ஆறுதலா யோசிங்க. எங்கட அம்மாவும் இன்னும் ஓம் எண்டு சொல்லல்ல” என்றாள்.

எனக்குத் தலையில் யாரோ கிணற்று வாளியால் அடித்ததுபோல் இருந்தது. “என்னது? ஓம் எண்டு சொல்லல்லயா? ஏன், என்ட புள்ளைக்கு என்ன குறை?” என்று கேட்டேன். “ஒரு குறையும் இல்ல அன்ரி” என்றாள். “மறுகா என்னவாம்? படிப்பு இல்லையா? உழைப்பு இல்லையா? குடி வெறி இரிக்கா? இண்டைக்கு மட்டும் ஒருத்தரை எதிர்த்து ஒரு சொல் சொன்ன புள்ளையா அவன்?” என்று நான் கிணற்றடியில் நின்று உன் புகழ் பாடத் தொடங்கிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. “இத நீங்க எங்கட அம்மாட்டச் சொல்லுவீங்களா அன்ரி?” என்று கேட்டாள். “சொல்லத்தான் போறன்” என்றேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அப்பா வாசலில் நின்று, “என்னகா, நீ இன்னும் ஓம் எண்டு சொல்லல்லயே, என்னத்துக்கு அங்க போகப்போறாய்?” என்று கேட்டார். இப்படித்தான் நான் உனக்காக உன் பக்கம் வந்து சேர்ந்தேன். யோசித்து வரவில்லை, ரோசத்தில் வந்தேன். அம்மாவுக்கு அதுதான் குணம், நீ அதை மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாதா கோயிலுக்குப் போய் வந்திருக்கும் நேரம் பார்த்துப் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். பாலத்தில் வாகனங்கள் நெரித்து நிற்க, கார் அலுங்காமல் நின்றது. அப்பா முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் மெர்லினின் அப்பா வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல் காரின் பொனற் ஆடாமல் நிற்பதைத்தான் பார்த்தார். “மவுண்ட் மாத்தின மாதிரிக் கிடக்கு மிசி. ஆரு செஞ்சது?” என்று கேட்டார். “நானும் உங்கட மகளும்” என்றேன். கதவடியில் நின்ற அவளுடைய அம்மா மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது, இவள் வீட்டில் சொல்லாமல்தான் வந்திருக்கிறாள் என்று. உள்ளே போனோம். பட்டர் கேக்கும் தேத்தண்ணியும் வந்தன. கேக் நல்ல மெதுமை. வந்த விஷயத்தை ஒருவரும் எடுக்கவில்லை. உன் அப்பாவும் அவரும் எஞ்சினைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்கள்.

எனக்கு இந்த இழுபறி சரிவராது என்று உனக்குத் தெரியும். “நான் சுத்தி வளைச்சுக் கதைக்கமாட்டன். என்ட மகனில உங்களுக்கு என்ன குறை எண்டு கேக்கத்தான் வந்திரிக்கன்” என்றேன். அந்த அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். நல்ல உயரமான மனுஷி. “குறை சொல்ல ஒண்டும் இல்ல மிசி. நல்ல பிள்ளை. எனக்கு இரிக்கிறது இவள் ஒருத்திதான். உங்களுக்கு மகள் இல்ல, வீடு பெரிசு, கடைசிக் காலத்துக்கு ஆள் வேணும். கட்டினா இவளச் செங்கலடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருவீங்க. மறுகா நான் இந்த வீட்டில ஆரோட இரிக்கிறது?” என்றார்.

“நானா? நான் எங்க கூட்டிக்கொண்டு போறது? எங்கட ஆக்கள்ல மாப்பிள்ளைதானே பொம்புளை வீட்டுக்கு வாறது. என்ட புள்ளைய நீங்க இஞ்ச வெச்சிருவீங்க எண்டுதான் நான் இவ்வளவு நாளும் ஓம் எண்டு சொல்லாம இரிந்த” என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒருவரையொருவர் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். முதலில் அவர்தான் அழுதார். பிறகு நானும். உன் அப்பா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார்.

மெர்லின் கதவு நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “நாங்க எங்க இரிக்கப்போறம் எண்டு எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல்லயே” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. “சரி, சொல்லுங்க மகள், எங்க இரிக்கப்போறீங்க?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியா அன்ரி. அவர் வரட்டும், ரெண்டு பேரும் கதைச்சிப்போட்டுச் சொல்றம்” என்றாள். அவளுடைய அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம், “கேட்டீங்களா மிசி, இவங்களுக்கு நம்ம ரெண்டு பேரும் ஒரு கணக்கே இல்ல” என்றார். “இல்லத்தான்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்தபடியே இருந்தார், மற்றக் கையால்தான் எனக்கு இரண்டாவது துண்டு கேக் தந்தார்.

வரும் வழியில் அப்பா, “குடி எண்டு ஏதோ சொன்னாய், அதப் பத்தி அங்க ஒண்டும் கேக்கல்லயே” என்று சீண்டினார். கோயிலில் யாரும் கேட்டால் என்னிடம் வரச் சொல்லுங்கள் என்றேன். நம் ஊரில் பாதிப்பேர் பிறந்த நேரம் நான் பக்கத்தில் நின்றவள். என்னிடம் வந்து கேட்கிறவர்களைப் பார்ப்போம்.

ஆகவே மகன், என் பதில் ஓம். முழுமனதோடு ஓம். அவளுடைய அம்மாவும் அன்றைக்கே ஓம் சொல்லிவிட்டார், அதை மெர்லின் உனக்கு முதலே சொல்லியிருப்பாள். ஒப்பந்தம் முடிந்ததும் வா. ஏதாவது ஒரு புத்தி சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நான் உன் அம்மா இல்லை. ஆகவே ஒன்று சொல்கிறேன், அதுவும் நான் இந்தக் காரில் அடிபட்டுப் படித்தது. புதிதாகக் கட்டிக்கொண்ட உடனே இன்னின்னது இன்னின்ன மாதிரித்தான் என்று ஒன்றையும் முறுக்கி வைத்துவிடாதே. அவள் தன் பாட்டில் கொஞ்சம் அசையட்டும், நீயும் அசை. வீட்டில் கொஞ்ச நாள் ஆட்டம் இருக்கும், பயப்படாதே. எங்கே இருப்பது என்பதையும் அவசரப்பட்டு இப்போதே எங்களுக்கு வாக்குக் கொடுக்காதே. உன் அப்பாவோ, அவளுடைய அம்மாவோ, நானோ கேட்டாலும் கொடுக்காதே. செங்கலடியாக இருக்கலாம், டவுனாக இருக்கலாம், டோஹாவாகவும் இருக்கலாம்.

நீங்கள் எங்கே போனாலும் போகும் நாளில் நான் அழுவேன். இப்போதே சொல்லி வைக்கிறேன், நல்லாக அழுவேன், ஊர் பார்க்க அழுவேன். அதைப் பார்த்து நீ மனம் மாறிவிடாதே. அழுகை என் பாடு, நான் பார்த்துக்கொள்வேன். எனக்குப் பாவம் பார்த்து ஒருநாளும் வராதே, மகன். என்னைப் பார்க்க ஆசையாக இருந்தால் மட்டும் வா.

உன் அம்மா